அத்தியாயம் 9: கோப்புகள் குவியும் காலம்

வங்கிகளின் பேனலில் இருக்கும் சொத்து மதிப்பீட்டாளருக்கு வேலை ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. மார்ச் மாதம் கிளைகள் ஆண்டு இலக்கை எட்டப் பரபரக்கும். அப்போது ஒரு வாரத்தில் வந்து சேரும் கோப்புகள் ஆடி மாதம் முழுவதும் வருவதைவிட அதிகமாக இருக்கும். ஆடியில் வீடு வாங்கத் தயங்கியவர்கள் ஆவணி பிறந்ததும் மொத்தமாக வருவார்கள். தை பிறந்தாலும் அப்படித்தான். ஜூன், ஜூலையில் பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் பெற்றோர் கல்விக் கடனுக்காகவும் விசாவுக்காகவும் வீட்டின் மதிப்புச் சான்று கேட்டு வருவார்கள். அதே ஜூலையில் வருமானவரிக் கணக்குக் கொடுப்பவர்கள், விற்ற பூர்வீகச் சொத்துக்கு 2001 ஏப்ரல் 1-ஆம் தேதியில் என்ன மதிப்பு என்று கேட்டு வருவார்கள்.

நாள்காட்டியில் இல்லாத நெருக்கடிகளும் உண்டு. தமிழ்நாட்டில் 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் பழைய அளவுக்குக் கொண்டுபோனார்கள். அது நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் புதிய மதிப்புகள் வந்தன. இப்படி மாறும்போதெல்லாம் கையில் இருக்கும் கோப்புகளில் அந்தப் பகுதியைத் திரும்ப எழுத வேண்டும். மதிப்பு உயரப்போகிறது என்ற பேச்சு கிளம்பினால், அதற்குள் பத்திரம் போட்டுவிட எல்லோரும் முந்துவார்கள். அந்த அவசரம் அத்தனையும் நம் மேசைக்குத்தான் வந்து சேரும்.

இந்தக் காலங்கள் வரப்போவது நமக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்திருந்தும் ஒவ்வொரு மார்ச்சிலும் புதிதாக மூச்சு முட்டுகிறோம். கோப்பு ஏன் தேங்குகிறது என்று நின்று பார்க்க நேரம் ஒதுக்காததே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

கோப்பு எங்கே காத்திருக்கிறது

முடித்துக்கொடுத்த பழைய கோப்புகளில் தாமதமான சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து தேதிகளை எழுதுங்கள்: வங்கியிலிருந்து கோப்பு வந்த நாள், கடைசி ஆவணம் வந்த நாள், இடத்தைப் பார்த்த நாள், எழுதி முடித்த நாள், கையெழுத்துப் போட்டு அனுப்பிய நாள். வாட்ஸ்அப்பையும் மின்னஞ்சலையும் புரட்டினால் எல்லாத் தேதியும் கிடைத்துவிடும்.

ஒரு தனி வீட்டைப் பார்த்து அளக்க அரை நாளுக்கு மேல் ஆகாது. கணக்குப் போட்டு எழுத இன்னொரு அரை நாள். ஆனாலும் ரிப்போர்ட் போய்ச்சேர இரண்டு வாரம் ஆகியிருக்கும். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இடைவெளி பெரும்பாலும் முதல் மூன்று தேதிகளுக்கு நடுவில் இருப்பது தெரியும். பட்டா வரவில்லை, வரைபட அனுமதியின் இரண்டாவது பக்கம் இல்லை, வாடகைக்காரர் ஊரில் இல்லை, சாவி மைத்துனரிடம் இருக்கிறது என்று கோப்பு கிடந்திருக்கும். அத்தனை நாளும் அது உங்கள் கோப்பாகத்தான் வங்கியின் கணக்கில் ஏறியிருக்கும். கிளை மேலாளரைப் பொறுத்தவரை 'இன்ஜினியரிடம் பெண்டிங்'. வீடு வாங்குகிறவருக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

ஆகவே வேகமாக எழுதப் பழகுவதால் மட்டும் குவியல் குறையாது. குறை உள்ள கோப்பை முழுக் கோப்பு என்று ஏற்றுக்கொள்வதை நிறுத்தினால் குறையும். இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்திச் சொல்லவந்தது இதைத்தான்.

வாசலிலேயே பாருங்கள்

கோப்பு வந்த அன்றே அதைத் திறந்து பார்க்க வேண்டும். முழுதாகப் படிக்கத் தேவையில்லை. ஒரு கோப்புக்குக் கால் மணி நேரம் போதும். காலையில் முதல் வேலையாக இதை வைத்துக்கொண்டால், அன்று எத்தனை கோப்பு வந்தாலும் மதியத்துக்குள் ஒவ்வொன்றிலும் என்ன குறை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் பத்திரத்தின் சொத்து விவரத்தை எடுத்துப் பட்டாவோடு ஒப்பிடுங்கள். தேங்கும் கோப்புகளில் பெரும்பகுதி இங்கேதான் சிக்குகிறது. பத்திரத்தில் பழைய சர்வே எண் மட்டும் இருக்கும், பட்டாவில் உட்பிரிவு ஆகியிருக்கும். பத்திரத்தில் பரப்பு சென்ட்டில் இருக்கும், பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். பட்டாவில் 0-12.50 என்று இருந்தால் பன்னிரண்டரை ஏர், அதாவது 1,250 சதுர மீட்டர், ஏறத்தாழ 30.9 சென்ட், 13,455 சதுர அடி. பத்திரம் 33 சென்ட் என்று சொன்னால் இரண்டு சென்ட்டுக்கு மேல் எங்கே போயிற்று என்ற கேள்வியை அன்றைக்கே எழுப்ப வேண்டும். சாலை விரிவாக்கத்தில் போயிருக்கலாம், அண்ணன் தம்பி பாகத்தில் விட்டுப்போயிருக்கலாம். இடத்துக்குப் போய் டேப்பைப் பிடித்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் இன்னொரு வாரம் போய்விடும்.

நகரத்துக்குள் சிக்கல் வேறு விதம். சென்னையில் பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டும் புழக்கத்தில் உண்டு. தெருப் பெயர்களும் மாறியிருக்கின்றன. நகர நில அளவை நடந்த இடத்தில் பத்திரத்தின் சர்வே எண்ணும் நகர அளவை எண்ணும் வேறாக இருக்கும். இரண்டும் ஒரே இடம்தான் என்பதற்கு நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் வேண்டும். நத்தம் நிலத்துக்கு ஆவணம் வேறு. இவற்றை ஒரே பட்டியலில் திணித்து, 'கீழ்க்கண்ட 18 ஆவணங்களை அனுப்பவும்' என்று எல்லோருக்கும் ஒரே தாளை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அடுக்கு மாடி வீடு வாங்குகிறவர் அந்தத் தாளைப் பார்த்துப் புலப்படம் எடுக்கத் தாலுகா அலுவலகத்துக்கு அலைகிறார். அடுக்கு மாடி வீட்டுக்கு ஒரு தாள், தனி வீட்டுக்கு ஒன்று, காலி மனைக்கு ஒன்று, விவசாய நிலத்துக்கு ஒன்று என்று நான்கு தாள்கள் அச்சடித்து வையுங்கள். எதை எங்கே வாங்குவது என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறைத் தளத்தில் வாங்கலாம். அலையாமல் கிடைப்பது எது, அலைந்தால்தான் கிடைப்பது எது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சொன்னால் இரண்டு நாளில் கொண்டுவந்துவிடுவார்கள்.

காலி மனையில் தனியாக ஒரு கேள்வி உண்டு: அங்கீகரிக்கப்பட்ட மனைதானா? அனுமதி இல்லாத மனைப்பிரிவுகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9-ஆம் தேதி உத்தரவிட்டது. பின்னர் 2016 அக்டோபர் 20 வரை விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. ஆகவே மனை எண் மட்டும் போதாது; அனுமதி இல்லாத மனைப்பிரிவாக இருந்தால் வரன்முறை உத்தரவு வேண்டும், அதோடு மனைப்பிரிவின் வரைபடமும் வேண்டும். வரைபடம் இல்லாமல் புறநகரில் ஒரு காலி மனையைத் தேடிப் போனால், முட்செடிக்கு நடுவில் எல்லைக் கல்லைத் தேடி அரை நாள் போகும். கடைசியில் தரகர் கைகாட்டும் இடத்தைப் படமெடுத்துக்கொண்டு வரவேண்டியிருக்கும். மதிப்பீட்டாளர் தவறான மனையை மதிப்பிடுவது பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது.

குறையைக் கண்டதும் வங்கிக்கு எழுதுங்கள். போனில் சொன்னால் போதாது. "சார், கோப்பு இன்று வந்தது. வரைபட அனுமதியில் முதல் மாடி இல்லை. பட்டாவில் பெயர் இன்னும் மாறவில்லை. முதல் மாடிக்கு அனுமதி இருந்தால் அனுப்புங்கள், இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். பதில் வந்த நாளிலிருந்து நான்கு வேலை நாளில் ரிப்போர்ட் தருகிறேன்." இவ்வளவுதான். எது இல்லை, அதற்கு யார் பொறுப்பு, கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கும் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. 'ஆவணங்கள் முழுமையாக இல்லை' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் மேலாளருக்கும் புரியாது, கடன் கேட்டவரிடமும் சொல்ல முடியாது.

யாருடைய கோப்பு முதலில்

வந்த வரிசையில் முடிப்பதே நியாயம் என்று தோன்றும். சாதாரண நாட்களில் அப்படியே செய்யலாம். மேசை நிறைந்துவிட்ட நாட்களில், தாமதத்தால் யாருக்கு எவ்வளவு சேதம் என்று பார்த்து வரிசையை மாற்ற வேண்டும். அதிகமாக போன் செய்கிறவரின் கோப்பு மேலே போவதுதான் நம் அலுவலகங்களில் நடக்கிறது. இது எனக்கு ஒப்புதல் இல்லாத வழக்கம். விவரம் தெரியாமல், கேட்கத் தயங்கி உட்கார்ந்திருப்பவருடைய பணம்தான் இதில் போகிறது.

வீடு வாங்க முன்பணம் கொடுத்துக் கிரய ஒப்பந்தம் போட்டவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் மூன்று மாதம் கெடு என்று இருக்கும். அதற்குள் பத்திரம் பதிவாகாவிட்டால் முன்பணம் திரும்பாது என்றும் பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். வங்கி, வழக்கறிஞர் என்று போனது போக நம்மிடம் வரும்போது கெடுவில் சில வாரங்களே மிச்சம் இருக்கும். நம் தாமதத்தால் அவர் வாழ்நாள் சேமிப்பில் ஒரு பகுதியை இழக்கக்கூடும். ஆகவே கோப்பைத் திறக்கும்போதே ஒப்பந்தத்தின் கடைசித் தேதியைக் கேட்டு மேலட்டையில் சிவப்பில் எழுதுங்கள். விசாவுக்குக் கேட்கிறவரிடம் நேர்காணல் தேதியைக் கேளுங்கள்.

வங்கி ஏலத்துக்கு வரும் சொத்துகளுக்குச் சட்டமே காலம் வைத்திருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி விதிகளின்படி, விற்பதற்கு முன் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் மதிப்பு வாங்கித்தான் குறைந்தபட்ச ஏலத்தொகையை முடிவுசெய்ய முடியும். அதன் பிறகு 30 நாள் அறிவிப்பு. ரிப்போர்ட் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் கடன்காரருக்கு வட்டி ஏறுகிறது. வீட்டை இழக்கப்போகிற குடும்பம் அது. அவசரப்பட்டுக் குறைத்து எழுதினாலும் அவர்களுக்குத்தான் நட்டம். இந்தக் கோப்பைத் தள்ளிப்போடவும் கூடாது, ஓட்டமாக முடிக்கவும் கூடாது. மேசை நிறைந்திருந்தால் அன்றே வங்கிக்குச் சொல்லி வேறொரு பேனல் மதிப்பீட்டாளருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

2001 ஏப்ரல் மதிப்பு கேட்டு ஜூலைக் கடைசி வாரத்தில் வருகிறவரிடம் வேறு விதமாகப் பேச வேண்டும். நிலம், கட்டடத்துக்கு அந்தத் தேதியில் முத்திரைத் தீர்வைக்கான மதிப்பு இருந்தால், நீங்கள் எழுதும் சந்தை மதிப்பு அதற்கு மேல் போக முடியாது. அந்தப் பழைய மதிப்பைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து வாங்க வேண்டிவரலாம். அது கையில் இல்லாமல் வேலையை எடுத்தால் ரிப்போர்ட் முடியாது, அவருடைய கணக்கும் நிற்கும். "ஐயா, முதலில் அந்தச் சான்றுக்கு எழுதிக்கொடுங்கள், உங்கள் ஆடிட்டரிடமும் இன்றே சொல்லிவிடுங்கள்" என்று சொல்லி அனுப்புவதே அவருக்குச் செய்யும் உதவி.

இடத்துக்குப் போகும் நாள்

நேரத்தைச் சுருக்க எங்கெங்கோ வழி உண்டு. இடத்தைப் பார்ப்பதில் மட்டும் சுருக்க வழி இல்லை.

மிச்சம் பிடிக்க வேண்டியது போக்குவரத்தில். காலையில் தாம்பரம், மதியம் திருவொற்றியூர், மாலை பூந்தமல்லி என்று ஒரே நாளில் ஓடினால் மூன்று வீடு பார்த்த களைப்பும் ஒரு வீடு பார்த்த பலனும்தான் மிஞ்சும். வாரத்தின் நாட்களைத் திசைகளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். திங்கள் தெற்கு, புதன் மேற்கு என்று வங்கிகளுக்கும் சொல்லிவிட்டால், சில மாதங்களில் மேலாளர்களே, "சார், புதன் நீங்கள் இந்தப் பக்கம்தானே" என்று கேட்டுக் கோப்பை அதற்குமுன் அனுப்பப் பழகிவிடுவார்கள். மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒரு தாலுகாவில் ஒரு தோட்டத்தைப் பார்க்க எழுபது கிலோமீட்டர் போகிறவர் அதே பாதையில் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டால்தான் கட்டணம் கட்டுப்படியாகும்.

புறப்படும் முன் மேசை வேலை முடிந்திருக்க வேண்டும். வில்லங்கச் சான்று, வழிகாட்டி மதிப்பு, செயற்கைக்கோள் படத்தில் மனையின் இடம், சாலை அகலம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனால், அங்கே சந்தேகம் உள்ளதை மட்டும் தேடலாம். முந்தின நாள் மாலையில் வீட்டுக்காரரை ஒருமுறை கூப்பிடுங்கள். "அம்மா, நாளை பத்தரைக்கு வருகிறேன். மாடிக் கதவுச் சாவி, பின்பக்கம் போகிற வழி, மின் கட்டண ரசீது மூன்றும் தயாராக இருக்கட்டும்" என்று சொன்னால், பூட்டிய கதவின் முன் நின்று திரும்பும் பயணங்கள் பாதியாகக் குறையும்.

அங்கே போனதும் நான்கெல்லை. வேறு எதைப் பார்க்க நேரம் இல்லாவிட்டாலும் பத்திரத்தின் செக்குபந்தியைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு பக்கமும் நடந்து பார்க்க வேண்டும். கிழக்கே பொதுப்பாதை என்று எழுதியிருக்கும், அங்கே யாரோ மாட்டுக்கொட்டகை போட்டிருப்பார்கள். அந்தப் பாதை இல்லாவிட்டால் மனையின் மதிப்பே வேறு. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுங்கள். விற்பவரும் தரகரும் சொல்லாத இரண்டு விஷயங்களை அவர் சொல்வார்: சமீபத்தில் அந்தத் தெருவில் எது என்ன விலைக்குப் போனது, மழையில் தண்ணீர் எதுவரை வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வேளச்சேரியும் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு இரண்டாவது கேள்வியை எந்தப் பகுதியிலும் விட்டுவிட முடியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இடம் பார்ப்பதைத் தள்ளிப்போடுவதே நம் வழக்கம். அக்டோபர், நவம்பரில் ஒரு மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள்; கோடையில் பத்துமுறை போனாலும் தெரியாதது அன்று தெரியும்.

நெருக்கடி வந்தால் உதவியாளரை அனுப்பிவிட்டு நாம் கையெழுத்துப் போடலாமா என்று இளையவர்கள் கேட்கிறார்கள். அளக்கவும் படமெடுக்கவும் உதவியாளர் இருக்கலாம், இருக்க வேண்டும். ஆனால் 'நான் நேரில் பார்த்தேன்' என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திடுகிறவர் நேரில் பார்த்திருக்க வேண்டும். இதில் விலக்கே இல்லை. மோசடிக் கடன் ஒன்றில் மதிப்பீட்டாளரின் பங்கு தெரியவந்தால் வங்கி அவர் பெயரை இந்திய வங்கிகள் சங்கத்துக்கு அனுப்பும். சங்கத்தின் எச்சரிக்கைப் பட்டியல் எல்லா வங்கிகளுக்கும் போகும். பார்க்காமல் போட்ட ஒரு கையெழுத்தில் தொழிலே முடிந்துவிடக்கூடும்.

எழுதும் மேசை

இடம் பார்த்த அன்றே எழுதுங்கள், அல்லது குறைந்தபட்சம் அளவுகளையும் எல்லைகளையும் பார்வைக் குறிப்புகளையும் அன்று இரவுக்குள் ஏற்றிவிடுங்கள். மூன்று நாள் கழித்தால் எந்த வீட்டுச் சமையலறையில் தரை இறங்கியிருந்தது என்பது மறந்துவிடும்.

பழைய ரிப்போர்ட்டைத் திறந்து பெயரை மாற்றி எழுதுவது எல்லோரிடமும் உள்ள பழக்கம். அவசரத்தில் இதுதான் ஆபத்து. பெயர் மாறும், வடக்கெல்லை மாறாமல் நிற்கும். வெற்றுப் படிவத்திலிருந்து தொடங்குங்கள். எல்லை, அளவு, சர்வே எண் ஆகிய கட்டங்கள் காலியாக இருக்கட்டும். மாறாத பகுதிகளான வரையறைகள், நிபந்தனைகள், தேய்மான முறை ஆகியவை அச்சாகவே இருக்கலாம்.

நேரத்தை உண்மையில் மிச்சப்படுத்துவது நீங்களே வைத்திருக்கும் விலைப்பதிவேடு. போகும் இடத்திலெல்லாம் கேட்டறிந்த விற்பனையை ஊர், தெரு, சாலை அகலம், பரப்பு, விலை, தேதி, சொன்னவர் யார் என்று ஒரு வரியில் எழுதிவையுங்கள். ஆடி மாதத்தில் வேலை குறையும்போது பத்திரப் பதிவு விலைகளோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். இரண்டு மூன்று ஆண்டில் உங்கள் பகுதிக்கு வேறு யாரிடமும் இல்லாத ஒரு பதிவேடு சேர்ந்துவிடும். மார்ச் மாதத்தில் ஒரு மனைக்கு என்ன விலை என்று பத்துப் பேருக்கு போன் போடும் வேலை அதோடு தீரும்.

கட்டடத் தேய்மானத்துக்கும் கணக்கு ஏற்கெனவே தாளில் ஏறியிருக்கட்டும். மொத்த ஆயுள் 60 ஆண்டு, மிச்ச மதிப்பு 10 சதவீதம் என்று கொண்டால், 20 ஆண்டுக் கட்டடத்துக்குத் தேய்மானம் 30 சதவீதம். இன்று புதிதாகக் கட்ட 24 லட்சம் ஆகும் என்றால் இன்றைய மதிப்பு 16 லட்சத்து 80 ஆயிரம். கணக்கை இயந்திரம் போடட்டும். 60 ஆண்டு என்பது இந்த வீட்டுக்குப் பொருந்துமா என்று யோசிப்பதுதான் உங்கள் வேலை. கடற்கரையோர உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துச் சிமென்ட் உதிரும் வீட்டுக்கு அது பொருந்தாது.

தேதி சொல்வது

'நாளைக்கு' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். மூன்று நாளில் முடியும் என்று தோன்றினால் ஐந்தாம் நாளின் தேதியைச் சொல்லி நான்காம் நாள் கொடுங்கள். சொன்ன தேதி தவறப்போகிறது என்று தெரிந்த கணமே, அவர்கள் கேட்கும் முன்பே, நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள். மேலாளர் கோபப்படுவார்தான். ஆனால் அவரும் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டியவர். புதிய தேதி கையில் இருந்தால் அவரால் பதில் சொல்ல முடியும். ஒவ்வொரு மாலையும் கையில் உள்ள கோப்புகளின் நிலையை நான்கு வரியில் கிளைக்கு அனுப்பினால் மறுநாள் உங்களுக்கு வரும் போன்கள் வெகுவாகக் குறையும். நாள் முழுதும் போனில் பதில் சொல்லிக்கொண்டே இருப்பதால்தான் பலருக்கு எழுதும் வேலை இரவுக்குப் போகிறது.

கடன் கேட்டவரிடம் நேரடியாகப் பேசலாமா என்ற தயக்கம் உண்டு. மதிப்பு எவ்வளவு என்று அவரிடம் சொல்லக்கூடாது. ரிப்போர்ட் வங்கிக்கு உரியது. எந்த ஆவணத்துக்காகக் காத்திருக்கிறோம், இடம் பார்த்தாயிற்றா, எப்போது வங்கிக்குப் போகும் என்பதைச் சொல்லலாம். அதைச் சொல்ல மறுப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

எண்ணைக் கேட்டு வரும் போன்

நெருக்கடி நாட்களில்தான் அந்த போன் வரும். "சார், மாலை சாங்ஷன் போடவேண்டும். எண்பத்தைந்து வந்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." வீட்டுக் கடனில் 30 லட்சம் வரை சொத்து மதிப்பில் 90 சதவீதமும், 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும் கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. கேட்கும் கடன் வரம்புக்குள் வரவில்லையென்றால் மதிப்பை ஏற்றச் சொல்வார்கள். களைத்திருக்கிறவர் ஒத்துக்கொள்வார், மேசையில் ஒன்று குறைந்தால் போதும் என்றிருக்கும்.

அந்த நேரத்தில் விவாதிக்காதீர்கள். "இடம் பார்த்தாயிற்று சார், ஒப்பிட்ட விற்பனைகளோடு ரிப்போர்ட் நாளை காலை வரும்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். கேட்ட தொகையை ரிப்போர்ட் எழுதும் தாளின் அருகே குறித்துவைக்கவே வேண்டாம். பார்த்துக்கொண்டே இருந்தால் கணக்கு அந்தப் பக்கம் சாயும். திரும்பத் திரும்ப இப்படிக் கேட்கும் கிளையின் வேலையை விட்டுவிடலாம். வருமானம் குறையும் என்பது உண்மை. ஏற்றி எழுதிய மதிப்பில் கடன் வாங்கிய குடும்பம், பின்னால் விற்றாலும் கடன் தீராத நிலையில் நிற்கும் என்பதும் உண்மை. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

எத்தனை கோப்பு தாங்கும்

ஒரு நாளில் இரண்டு தனி வீடுகளையோ நான்கு அடுக்கு மாடி வீடுகளையோ ஒழுங்காகப் பார்த்து அளக்க முடியும் என்பது என் கணிப்பு. பெரிய தோட்டம், ஆலை, வணிக வளாகம் என்றால் ஒன்றே ஒரு நாளைத் தாண்டும். 50 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட சொத்துகளுக்கு வங்கிகள் குறைந்தது இரண்டு தனித்தனி ரிப்போர்ட் வாங்குவதால், அங்கே உங்கள் எண்ணை இன்னொருவரின் எண்ணோடு வரிக்கு வரி வைத்துப் பார்ப்பார்கள். அதற்கான நாட்களை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

உங்கள் அளவு எவ்வளவு என்று கண்டுபிடித்து, அதற்கு மேல் வருவதை அன்றே திருப்பி அனுப்புங்கள். பல வங்கிகளின் பேனலில் இருப்பது பெருமைதான். அவற்றில் எந்த வங்கி கட்டணத்தை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கிறது, எந்தக் கிளை அரைகுறைக் கோப்பையே அனுப்புகிறது என்று ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள். இரண்டும் ஒரே இடமாக இருந்தால் வெளியேறுவதில் தவறில்லை. நண்பருக்கு நீங்களாகவே கோப்பை மாற்றிவிடாதீர்கள். வங்கி வழியாகவே போகட்டும்.

உதவியாளரை மார்ச்சில் வேலைக்கு எடுத்துப் பயன் இல்லை. ஆடியில் எடுத்து, மூன்று மாதம் கூடவே கூட்டிக்கொண்டு போய், பட்டாவும் பத்திரமும் ஒப்பிடக் கற்றுக்கொடுங்கள். வாசலில் கோப்பைத் திறந்து குறை பார்க்கும் அந்தக் கால் மணி நேர வேலையை அவர் எடுத்துக்கொண்டால் உங்கள் காலைப்பொழுது களத்துக்குக் கிடைக்கும். இரவு பதினோரு மணிக்கு மேல் எழுதிய ரிப்போர்ட்டை அப்போதே அனுப்ப வேண்டாம். காலையில் சர்வே எண்ணையும் எல்லையையும் கூட்டுத்தொகையையும் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இந்தப் பக்கத்தை மூடியதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மேசையில் அதிக நாள் கிடக்கும் கோப்பை எடுத்து, அந்த வீட்டை வாங்கக் காத்திருப்பவருக்கு போன் செய்து, அது எதற்காக நிற்கிறது என்பதையும் எந்தத் தேதியில் வங்கிக்குப் போகும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.